செராமிக் காப்புப் பூச்சுகளும் சேதமில்லாச் சோதனையும்: ஒரு திறனாய்வு

ஒரு பொருளை வெட்டாமல், உடைக்காமல், அதன் பயனைக் கெடுக்காமல், உள்ளே குறை உள்ளதா என்று அறியும் முறைகளுக்குச் சேதமில்லாச் சோதனை என்று பெயர். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் அதைச் சுண்டிப் பார்க்கிறார். ஓசை கணீரென்று இருந்தால் எடுத்துக்கொள்கிறார். மங்கலாக ஒலித்தால் கீறல் விழுந்த பானை என்று வைத்துவிடுகிறார். அதுவும் சேதமில்லாச் சோதனைதான். இன்று அதே வேலையை ஒளி, வெப்பம், மீயொலி, மின்காந்தப் புலம் ஆகியவற்றைக் கொண்டு கருவிகள் செய்கின்றன.

உலோகங்களின் மேல் பூசப்படும் செராமிக் காப்புப் பூச்சுகளுக்கான சோதனைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. சிறப்பாக, விமான எஞ்சின்களிலும் மின் நிலையங்களின் வாயு டர்பைன்களிலும் பயன்படும் வெப்பத்தடைப் பூச்சை எடுத்துக்கொள்கிறது. இச்சோதனைகளை அறிமுகப்படுத்தும் நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஓர் அட்டவணையைத் தருகின்றன: முறையின் பெயர், நன்மை, குறை, பயன்படும் இடம். தேர்வு எழுத அது போதும். ஆனால் அந்த அட்டவணை ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கருவி அளப்பது ஒன்று. நமக்குத் தெரியவேண்டியது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் இத்துறையின் உண்மையான சிக்கல்.

பூச்சு ஏன் தேவை?

தூய நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும். டர்பைன் பிளேடுகளுக்கான நிக்கல் உலோகக்கலவைகள் அதைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கும். நவீன எஞ்சின்களில் பிளேடுகளை நோக்கி வரும் வாயுவோ 1500 டிகிரியையும் தாண்டுகிறது. தன் உருகுநிலையைவிடச் சூடான வாயுவில் ஓர் உலோகம் சுழன்றுகொண்டே வேலை செய்வது இரண்டு ஏற்பாடுகளால் நடக்கிறது. பிளேடின் உள்ளே இருக்கும் குழாய்வழிகளில் ஒப்பளவில் குளிர்ந்த காற்று ஓடுகிறது. வெளியே செராமிக் பூச்சு இருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது உலோகப் பரப்பின் வெப்பநிலையைப் பூச்சு 100 முதல் 300 டிகிரி வரை குறைக்க முடியும் என்று பட்டுரே, கெல், ஜோர்டன் ஆகியோர் 2002இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை கூறுகிறது.

இதைப் பள்ளிக் கணக்காகவே செய்து பார்க்கலாம். பூச்சின் வெப்பங்கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 1 வாட், தடிமன் 0.25 மில்லிமீட்டர், இரு பக்கங்களுக்கும் இடையே 150 டிகிரி வேறுபாடு என்று கொள்வோம். 1 × 150 ÷ 0.00025 = 6,00,000. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 6 இலட்சம் வாட் வெப்பம் பாய்கிறது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சு இவ்வளவு வெப்ப ஓட்டத்துக்கு எதிரே நிற்கிறது. அது ஓரிடத்தில் உரிந்தால் அங்கே உலோகம் நேரடியாகச் சுடப்படும்.

பூச்சு என்று ஒருமையில் சொன்னாலும் அது பல அடுக்குகள் கொண்டது. வெளியே இருப்பது மேல் அடுக்கு. எடையில் 7 அல்லது 8 சதவீதம் இட்ரியா சேர்த்து நிலைப்படுத்திய சிர்க்கோனியாவால் ஆனது. அதன் கீழே உலோகத்தால் ஆன பிணைப்பு அடுக்கு. அதில் அலுமினியம் நிறைய இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே அடித்தள உலோகம். சிர்க்கோனியா ஆக்சிஜனைத் தடுக்காது. ஆகவே எஞ்சின் ஓட ஓட, பிணைப்பு அடுக்கின் அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, மேல் அடுக்குக்கு அடியில் மெல்லிய அலுமினாப் படலமாக வளர்கிறது. அது சில மைக்ரோமீட்டர் தடிமன்தான். பூச்சின் வாழ்வும் முடிவும் பெரும்பாலும் இந்தப் படலத்தில் தங்கியிருக்கின்றன.

காரணம் வெப்ப விரிவு. நிக்கல் கலவை ஒரு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 14 பங்கு விரியும். அலுமினா ஏறத்தாழ 8 பங்கு. எஞ்சின் நின்று 1100 டிகிரி ஆறும்போது உலோகம் அதிகமாகச் சுருங்க முயலும். அலுமினா அவ்வளவு சுருங்காது. வேறுபாடு 6 × 1100, அதாவது பத்து இலட்சத்தில் 6600 பங்கு. அலுமினாவின் யங் குணகத்தை 390 கிகாபாஸ்கல் என்றும் பாய்சான் விகிதத்தை 0.25 என்றும் கொண்டால், 390 ÷ 0.75 × 0.0066 = 3.4 கிகாபாஸ்கல் அழுத்தத் தகைவு கிடைக்கிறது. ஆய்வகங்களில் அளந்து கண்ட மதிப்பும் 3 முதல் 4 கிகாபாஸ்கல்தான். ஒப்புக்குச் சொன்னால், சாதாரணக் கட்டுமான எஃகு அரை கிகாபாஸ்கல் அளவிலேயே அறுந்துவிடும். இவ்வளவு தகைவைச் சுமந்துகொண்டு, உலோகத்தை ஒட்டிப் பிடித்தபடி அந்தப் படலம் இருக்கிறது. பிடி தளர்ந்தால் மேலே உள்ள செராமிக்கையும் தூக்கிக்கொண்டு அது உரியும்.

பொறியாளருக்கு விடை தேவைப்படும் கேள்வி இதுதான்: இந்தப் பிடி இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும்?

சோதனை முறைகளும் அவை தரும் விடைகளும்

முதலில் சுழல் மின்னோட்ட முறை. மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளைப் பூச்சின் மேல் வைத்தால், அடியில் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படும். செராமிக் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே சுருளுக்கும் உலோகத்துக்கும் உள்ள தூரத்தைக் கருவி கணித்துவிடும். அந்தத் தூரமே பூச்சின் தடிமன். காந்தத்தன்மை இல்லாத உலோகங்களின் மேல் மின்கடத்தாப் பூச்சுகளை இவ்வாறு அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 2360 என்ற பன்னாட்டுத் தரநிலையே இருக்கிறது. விரைவானது, மலிவானது, தொழிற்சாலைக்கு ஏற்றது.

ஆனால் கருவி அளந்தது தூரத்தை. தடிமன் என்று பெயர் வைத்தது நாம். பூச்சு அடியிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தால் இடையில் உள்ள காற்றையும் கருவி பூச்சாகவே கணக்கிடும். பழுதான இடம் சற்றே தடித்த, நல்ல இடமாகத் தோன்றவும் கூடும். பிளேடின் வளைவுகளும் விளிம்புகளும் அளவைத் தடுமாறச் செய்யும் என்பது வேறு.

அடுத்தது மீயொலி. தடித்த வார்ப்புகளிலும் பற்றவைப்புகளிலும் இது மிகச் சிறந்த முறை. இங்கே அலைநீளம் இடையூறு செய்கிறது. நிக்கலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5600 மீட்டர் செல்லும். 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 0.56 மில்லிமீட்டர். நுண்துளைகள் நிறைந்த செராமிக்கில் வேகம் குறைவு. பாதி என்று வைத்துக்கொண்டாலும் அலைநீளம் 0.28 மில்லிமீட்டர் வருகிறது. பூச்சின் மொத்தத் தடிமனே அவ்வளவுதான். மீட்டர் அளவுகோலைக் கொண்டு அரிசியின் நீளத்தை அளக்கப் போவது போன்றது இது. அதிர்வெண்ணைக் கூட்டலாம். கூட்டினால் நுண்துளைகள் ஒலியைச் சிதறடிக்கும். மேலும் ஒலியைப் பூச்சுக்குள் செலுத்த இடையில் நீரோ கூழ்மமோ வேண்டும். அது துளைகளுக்குள் ஊறிவிடும்.

மூன்றாவது வெப்பப் படமெடுப்பு. பலமான ஒளிவிளக்கைக் கண்சிமிட்டும் நேரத்துக்கு எரியவிட்டுப் பூச்சின் மேற்பரப்பைச் சூடாக்குவார்கள். பூச்சு நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தில் வெப்பம் கீழே உலோகத்துக்குள் இறங்கிவிடும். மேற்பரப்பு விரைவில் ஆறும். பூச்சு பிரிந்திருக்கும் இடத்தில் காற்று இடைவெளி தடுப்பதால் மேற்பரப்பு சூடாகவே நிற்கும். வேகமான அகச்சிவப்புக் கேமராவில் அது வெளிச்சத் திட்டாகத் தெரியும். ஒரு படத்தில் முழு பிளேடையும் பார்த்துவிடலாம் என்பது பெரிய வசதி. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் இம்முறையைப் பூச்சுகளுக்காக வளர்த்த இடங்களுள் ஒன்று.

இதன் குறை என்ன? கேமரா உணரும் அகச்சிவப்பு ஒளிக்குச் சிர்க்கோனியா ஓரளவு ஊடுபுகத்தக்கது. மேற்பரப்பின் வெப்பத்தோடு உள்ளேயிருந்து வரும் கதிரும் கலந்துவிடும். அதைத் தவிர்க்கக் கருப்பு வண்ணம் பூசுவது உண்டு. பூசிய வண்ணம் துளைகளில் இறங்குமே, அதை முழுவதும் எடுக்க முடியுமா என்ற கேள்வி பல கட்டுரைகளில் எழுப்பப்படுவதில்லை. அதைவிட முக்கியமான குறை வேறு. இம்முறை காண்பது இடைவெளியை. விரிசல் இருந்தும் இரு பரப்புகளும் ஒன்றையொன்று அழுத்தித் தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் தடையின்றிப் போய்விடும். பிரிவதற்கு முன் உள்ள நிலையில் காண எதுவுமே இருக்காது.

கேள்விக்கு நெருங்கி வரும் ஒரு முறை

பிடியின் நிலையை நேரடியாக விசாரிக்கும் முறை ஒன்று உண்டு. அலுமினாவில் குரோமியம் சிறிதளவு கலந்தால் அதுதான் மாணிக்கம். பிணைப்பு அடுக்கில் இருக்கும் குரோமியத்தில் சிறிது அலுமினாப் படலத்திலும் சேர்ந்துவிடுகிறது. பச்சை லேசர் ஒளியைப் பூச்சின் மேல் பாய்ச்சினால், அது சிர்க்கோனியாவைக் கடந்து சென்று அந்தப் படலத்தைச் சிவப்பாக ஒளிரச் செய்கிறது. முக்கியக் கோட்டின் அலைநீளம் 694.3 நானோமீட்டர். படலம் அழுத்தத்தில் இருந்தால் அந்தக் கோடு சற்று இடம் பெயரும். 3.4 கிகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 0.8 நானோமீட்டர் நகர்வு. ராமன் நிறமாலைமானி வைத்திருக்கும் எந்த ஆய்வகமும் இதை எளிதில் அளந்துவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் டேவிட் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் 1990களில் இந்த அளவீட்டை நிலைநிறுத்தினர்.

செராமிக்குக்கு அடியில் மறைந்திருக்கும் சில மைக்ரோமீட்டர்ப் படலத்தின் தகைவை வெளியிலிருந்தே படிக்க முடிகிறது. பூச்சு பழுதாகப் பழுதாகத் தகைவு குறைகிறது. கோடு தன் பழைய இடத்தை நோக்கித் திரும்புகிறது. மற்ற முறைகள் பழுது நடந்த பிறகு சொல்லுவதை இது நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லக்கூடும்.

ஆனால் இதையும் அளவோடுதான் பாராட்ட வேண்டும். எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சில் நெடுக்காக நிற்கும் தூண்கள் ஒளியைக் கீழே இறங்க விடுகின்றன. பிளாஸ்மா தெளிப்பால் உருவான பூச்சு ஒளியைச் சிதறடிக்கிறது. தடிமன் கூடக்கூடச் சமிக்ஞை மங்குகிறது. எஞ்சினில் ஓடிய பிளேடின் மேல் புகைக்கரியும் உருகி உறைந்த தூசியும் படிந்திருக்கும். அவையும் ஒளியை மறைக்கும். லேசர் தொடும் புள்ளி மிகச் சிறியது. முழு பிளேடையும் பார்க்க எண்ணற்ற புள்ளிகளை அளக்கவேண்டும். பூச்சு எங்கே முதலில் உரியுமோ அந்தப் புள்ளியை அளந்தோமா என்பது யாருக்கும் தெரியாது.

மேசையில் உரியும் பூச்சு

இத்துறையில் ஒரு விந்தையான நிகழ்வு நன்கு அறியப்பட்டது. உலையில் பலமுறை சூடாக்கி ஆறவைத்த மாதிரியை எடுத்துப் பார்ப்பார்கள். பூச்சு முழுமையாக இருக்கும். மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வந்தால் பூச்சு தானாக உரிந்து கிடக்கும். ஆய்வாளர்கள் இதை மேசை விளைவு என்றும் வார இறுதி விளைவு என்றும் அழைக்கிறார்கள். நாசாவின் கிளென் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மியாலெக் இதை விரிவாக ஆராய்ந்தார். காற்றிலுள்ள ஈரம்தான் காரணம். பழுத்துப்போன பூச்சின் மேல் ஒரு துளி நீர் விட்டாலே அது உரிந்துவிடும் நேர்வுகள் உண்டு.

இந்த ஒரு நிகழ்வு அட்டவணைகளை எல்லாம் மறுபடியும் படிக்கச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அந்த மாதிரியின் தடிமனை அளந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். வெப்பப் படத்திலும் பெரிய இடைவெளி இருந்திராது. கருவிகள் பொய் சொல்லவில்லை. 'இப்போது பிரிந்திருக்கிறதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று உண்மையாகவே விடை தந்திருக்கும். அந்த விடையை 'இனியும் பிரியாது' என்று வாசித்தால் அது வாசிப்பவரின் பிழை.

இன்னொன்றும் இதிலிருந்து பெறப்படுகிறது. மீயொலிக்காக நீரைத் தடவுவது எல்லாப் பூச்சுக்கும் சேதமில்லாச் செயல் ஆகாது. சேதமில்லா என்ற அடைமொழி ஒரு முறைக்கு நிரந்தரமாக உரியதல்ல. எந்தப் பூச்சின் மேல், எந்த நிலையில் என்று கேட்ட பிறகே அதைத் தரவேண்டும்.

கேள்வியும் விடையும் பொருந்தும் இடம்

இக்குறைகளால் சேதமில்லாச் சோதனையே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேதியியல் ஆலைகளில் எஃகுக் கலன்களின் உட்புறத்தில் கண்ணாடி எனாமல் பூசுவார்கள். அமிலம் எஃகைத் தொடாமல் காப்பது அதன் வேலை. ஊசித்துளை ஒன்று இருந்தாலும் அமிலம் அதன் வழியே இறங்கி எஃகை அரித்துவிடும். உயர் மின்னழுத்தம் தாங்கிய தூரிகையைப் பரப்பின் மேல் நகர்த்தினால் துளை உள்ள இடத்தில் தீப்பொறி பாயும். கேள்வி 'துளை உண்டா?' என்பது, கருவி சொல்வதும் அதுவே. ஆகவே இச்சோதனை நம்பத்தக்கது. அங்கும் மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் நல்ல எனாமலையே துளைத்துவிடும் என்பதால் ஏற்ற வேண்டிய அளவை அறிந்து ஏற்றவேண்டும்.

டர்பைன் பிளேடிலும் அப்படிப் பொருந்தும் இடம் இருக்கிறது. புதிதாகப் பூசிய பிளேடின் தடிமன் சீராக உள்ளதா, எங்காவது ஒட்டாமல் விட்டிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு, பிளேடை வெட்டாமலேயே சுழல் மின்னோட்டமும் வெப்பப் படமும் விடை தருகின்றன. இது சிறிய பயன் அல்ல. ஓடிய பிளேடின் மிச்ச ஆயுளைக் கேட்கும்போதுதான் அவை தடுமாறுகின்றன.

ஐந்துக்கு ஐந்து போதுமா?

புதிய முறையை முன்வைக்கும் பல ஆய்வுகள், பூச்சுக்கு அடியில் உள்ள உலோகத்தைப் பின்புறமிருந்து குடைந்து, செயற்கைக் குறைகளை உண்டாக்கிச் சோதிக்கின்றன. குடைந்த துளைக்கு நேரான விளிம்பும் தெளிவான இடைவெளியும் இருக்கும். இயற்கையான விரிசலோ நெளிந்தும் மூடியும் திறந்தும் கிடக்கும். முதலாவதைக் கண்டுபிடித்த கருவி இரண்டாவதையும் கண்டுபிடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விமானத் துறையில், ஒரு குறையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதம் என்பதை 95 சதவீத நம்பிக்கையோடு காட்டவேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஒன்றைக்கூடத் தவறவிடாமல் காட்டுவதானாலும் 29 குறைகள் தேவை. 0.9-ஐ 29 முறை பெருக்கினால்தான் விடை 0.05-க்குக் கீழே இறங்குகிறது. ஐந்து குறைகளை வைத்து ஐந்தையும் கண்டுபிடித்தால் என்ன தெரிகிறது? 70 சதவீதத் திறனுள்ள கருவிக்கே ஐந்துக்கு ஐந்து கிடைக்க ஏறத்தாழ 17 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து வினாக்களுக்குச் சரியாக விடை எழுதிய மாணவனை, பாடம் முழுவதும் படித்தவன் என்று எந்த ஆசிரியரும் சான்று தருவதில்லை. கருவிக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

இழப்பு யாருக்கு?

சோதனையை நம்ப முடியாததால் பொறியாளர்கள் ஒரு பாதுகாப்பான வழியில் போகிறார்கள். பூச்சு உரிந்தாலும் பிளேடு உடனே அழியாதபடி வெப்பநிலையைத் தாழ்த்தி வைக்கிறார்கள். பூச்சை முழுப் பொறுப்பாளியாக அல்ல, கூடுதல் துணையாகவே கணக்கில் கொள்வது நெடுநாள் வழக்கம். இது சரியான எச்சரிக்கைதான். ஆனால் அதற்கு விலை உண்டு. கூடுதலாகக் குளிர்விக்க வேண்டிய காற்று எஞ்சினின் அமுக்கியிலிருந்தே எடுக்கப்படுகிறது. அந்த அளவு எரிபொருள் வீணாகிறது. பூச்சின் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்தாமல் இருப்பதற்குப் பூச்சின் பலவீனம் மட்டும் காரணமல்ல. அதன் நிலையை நாம் அறியாததும் காரணம்.

இதை உணர்ந்த சில ஆய்வாளர்கள் பூச்சையே பேச வைக்கப் பார்க்கிறார்கள். யூரோப்பியம், எர்பியம் போன்ற அருமண் தனிமங்களைப் பூச்சின் குறிப்பிட்ட அடுக்கில் சேர்த்துவிட்டால், அந்த அடுக்கின் ஒளிர்வு பூச்சு பிரிவதைக் காட்டிக்கொடுக்கும். நாசா கிளென் மையத்தில் ஜெஃப்ரி எல்ட்ரிட்ஜ் இவ்வழியில் உழைத்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஃபைஸ்ட், ஹேய்ஸ் ஆகியோர் இத்தகைய ஒளிர்வைக் கொண்டு பூச்சின் வெப்பநிலையை அளக்க முனைந்தனர். சேர்த்த அடுக்கு பூச்சின் ஆயுளைக் குறைக்கவில்லை என்று காட்டும் கடமை இவர்களுக்கு உண்டு. ஆயினும் பூச்சைச் செய்யும்போதே சோதனையையும் நினைப்பது நல்ல போக்கு.

படிப்பவர்க்குச் சில கேள்விகள்

சேதமில்லாச் சோதனை பற்றிய எந்தக் கட்டுரையைப் படித்தாலும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம்.

1. கருவி நேரடியாக அளந்தது எதை? தூரமா, நேரமா, வெப்பநிலையா, அலைநீளமா?
2. அந்த அளவிலிருந்து முடிவுக்கு வர ஆசிரியர் எதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டார்?
3. சோதித்த குறை செயற்கையா, பயன்பாட்டில் தோன்றியதா? எத்தனை?
4. முடிவு இன்றைய நிலையைச் சொல்கிறதா, நாளைய நிலையைச் சொல்கிறதா?

இந்த நான்குக்கும் விடை தரும் கட்டுரை, தன் முறையின் குறைகளை வெளிப்படையாகச் சொன்னாலும் மதிப்புக்குரியது. நான்காவது கேள்விக்கு விடை தராமல் 'பூச்சு நலமாக உள்ளது' என்று முடிக்கும் கட்டுரையை, அளந்த நாளில் நலமாக இருந்தது என்று மட்டும் வாசிக்கவேண்டும்.